33 லட்சம் அனுப்பக் கிளம்பி நான் பட்ட பாடு: பெரிய தொகையை வங்கி வழியாக அனுப்ப ஒரு வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் கடைப் பணத்தை ஆர்.டி.ஜி.எஸ். (பெரிய தொகையை வங்கி விட்டு வங்கிக்கு அனுப்பும் முறை) போடுவது எனக்குக் காலை டீ குடிப்பது மாதிரி. அந்தத் தைரியத்தில், சொந்த வீட்டுக்குப் பணம் அனுப்புவதை நான் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாம் மாடி வீடு. விலை 38 லட்சம். அக்ரிமென்ட் அன்று 5 லட்சம் கொடுத்தாயிற்று. மீதி 33 லட்சத்தைப் பத்திரம் பதியும் அன்று அனுப்புவதாகப் பேச்சு. சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தபோதுதான் தெரிந்தது, என் சேமிப்புக் கணக்கிலிருந்து அன்று ஏழு லட்சம்கூட அனுப்ப முடியாது என்று. வீட்டை விற்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "காசு விழுந்துச்சா தம்பி?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். பணம் சேர்ந்தது தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பதிவு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பணமோ வெள்ளிக்கிழமை மாலையே அவர் கணக்குக்குப் போய்விட்டது. கையில் பத்திரமும் இல்லை, பணமும் இல்லை என்று மூன்று நாள். அந்த மூன்று நாள் உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். வீடு வாங்குபவர்களுக்கு மட்டுமல்ல. நம் பக்கம் ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்து லீஸுக்கு வீடு எடுப்பவர்களுக்கும், வண்டி வாங்குபவர்களுக்கும், தங்கை கல்யாணத்துக்குப் பணம் திரட்டுபவர்களுக்கும் இதே கதைதான்.

1. நாள் குறிக்கும்போதே வங்கியையும் பார்த்துக் குறியுங்கள்

வங்கி விட்டு வங்கிக்குப் பணம் அனுப்பும் வழிகளான ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் இரண்டும் இப்போது 24 மணி நேரமும், ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து ஓடுகின்றன. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் 14 முதல் அப்படி. ஆனால் இது போனிலும் நெட் பேங்கிங்கிலும் அனுப்புபவர்களுக்குத்தான். உங்கள் தொகை ஆப் லிமிட்டைத் தாண்டினால் கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும். கவுன்ட்டருக்கு நேரம் உண்டு, விடுமுறை உண்டு, சாப்பாட்டு இடைவேளையும் உண்டு.

நான் செய்த முதல் தப்பு, இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளியைக் குறித்தது. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது. வெள்ளியை விட்டால் திங்கள்தான். போதாததற்கு வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில் பேனாவைத் தொடமாட்டேன் என்றார் அந்த அம்மா. ஆக, எனக்கு மிஞ்சியது பன்னிரண்டுக்கு மேல் வங்கி மூடும் வரை உள்ள நேரம்தான். நல்ல நேரத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செவ்வாய் முதல் வியாழன் வரைக்குள் ஒரு நல்ல நேரம் கிடைக்காமலா போய்விடும்?

எஃப்.டி.யை உடைப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே உடையுங்கள். தனிப் பெயரில் ஆன்லைனில் போட்ட எஃப்.டி. அன்றைக்கே கணக்குக்கு வந்துவிடும். கணவன் மனைவி சேர்ந்து போட்டதென்றால், பெரும்பாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கிளையில் போட்ட எஃப்.டி. என்றால் அசல் ரசீதைக் கேட்பார்கள். முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வதும் உண்டு. எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கணக்குகளில் சிதறிக் கிடக்கும் பணத்தை எல்லாம் நாலு நாள் முன்பே ஒரே கணக்கில் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். கடைசி நாளில் மூன்று கணக்கிலிருந்து அனுப்பினால் மூன்று லிமிட், மூன்று ஓ.டி.பி., மூன்று தலைவலி.

2. எந்த வழியில் அனுப்புவது

யு.பி.ஐ.யை மறந்துவிடுங்கள். ஒரு நபருக்கு இன்னொரு நபர் அனுப்ப ஒரு நாளைக்கு 1 லட்சம்தான். மருத்துவமனை, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்கு அதைவிட அதிக வரம்பு உண்டென்றாலும், அது பதிவு பெற்ற நிறுவனங்களுக்குச் செலுத்தும்போது மட்டும். வீட்டுக்காரருக்குச் செல்லாது.

ஐ.எம்.பி.எஸ். நொடியில் போய்ச் சேரும். ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை அனுப்பலாம் என்பது பொது விதி. உங்கள் வங்கி அதைவிடக் குறைத்தும் வைத்திருக்கலாம். லீஸ் தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் இதுவே போதும்.

நெஃப்டில் பணம் உடனே போகாது. அரை மணிக்கு ஒரு கட்டாகத் தொகுத்து அனுப்புவார்கள், நாளுக்கு 48 கட்டு. அந்தக் கட்டு போன இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்க் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முடியாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். குறைந்தபட்சத் தொகை கிடையாது. அவசரமில்லாத பணத்துக்கு நல்ல வழி. ஆனால் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து "விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு மணி நேரம் என்பது இரண்டு யுகம்.

ஆர்.டி.ஜி.எஸ்.தான் பெரிய தொகைக்கானது. குறைந்தது 2 லட்சம் இருக்க வேண்டும். மேலே ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கவில்லை. கட்டுக் கட்டாகச் சேர்க்காமல் ஒவ்வொன்றாக அப்போதைக்கப்போது போகும். எதிர் வங்கி அரை மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும். எனக்குச் சரியாகப் பதினோரு நிமிடம் ஆனது.

செக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். 2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் வேகமாகிவிட்டது. பகலில் அதற்கான நேரத்துக்குள் கிளியரிங்குக்குப் போன செக்குக்கு, பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு 2021 ஜனவரி முதல் பாசிட்டிவ் பே என்று ஒரு ஏற்பாடு உண்டு. செக் எண், தேதி, தொகை, யார் பெயருக்கு என்ற நான்கையும் நீங்கள் முன்கூட்டியே உங்கள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி இருக்கிறது. தெரிவிக்காமல் எழுதிக் கொடுத்து, கணக்கில் பணம் இருந்தும் செக் திரும்பி வந்து, மானம் போனவர்களை எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

டி.டி. (வங்கி எழுதித் தரும் டிமாண்ட் டிராஃப்ட்) பழைய காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பத்திரப் பதிவுக்கு அதற்கு இன்னும் மவுசு இருக்கிறது. ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. உங்கள் லிமிட் என்ன என்று இப்போதே பாருங்கள்

இதுதான் என்னைக் கவிழ்த்தது. ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு மேல் வரம்பு இல்லை என்றேன் அல்லவா? அது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் ஆப்பிலும் நெட் பேங்கிங்கிலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உங்கள் வங்கி தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கும். கடையின் கரன்ட் அக்கவுன்ட்டில் கோடிக்கு அருகே அனுப்பிப் பழகிய எனக்கு, என் சேமிப்புக் கணக்குக்கு 10 லட்சம்தான் என்பது தெரியவே தெரியாது.

அதிலும் ஒரு பொடி வைத்திருந்தார்கள். அன்று காலை எட்டு மணிக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அதே நெட் பேங்கிங்கில் கட்டியிருந்தேன். நம் மாநிலத்தில் கிரயத்துக்குத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய். அதுவும் அந்த நாள் லிமிட்டிலேயே கழிந்துவிட்டது. மீதி 6,58,000. எல்லா வங்கியிலும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். என் வங்கியில் இப்படித்தான் இருந்தது. தீர்வையை முதல் நாளே கட்டிவிடுங்கள், வம்பே இல்லை.

லிமிட்டை ஏற்ற முடியுமா? ஓரளவுக்கு ஆப்பிலேயே ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்த அன்றே ஏறிவிடும் என்று எண்ணாதீர்கள். பணம் போய்ச் சேர்ந்ததும் லிமிட்டை மறக்காமல் பழையபடி இறக்கிவிடுங்கள். 25 லட்சம் லிமிட் உள்ள ஆப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மின்ட்டில் பஸ் ஏறுவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

4. யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் விவரம்

பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணை வைத்து மட்டுமே. நீங்கள் பெயர் சரியாகப் போட்டு, எண்ணில் ஒன்று தவறினாலும், அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்தால் பணம் அவருக்குத்தான். அதனால் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் டைப் அடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். பாஸ்புக் முதல் பக்கத்தையோ, கேன்சல் செய்த செக் இலையையோ போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் பாஸ்புக் எந்தக் காலத்தது என்றும் பாருங்கள். நம் பக்கத்து வயதானவர்களிடம் இருக்கும் பாஸ்புக்கில் பாதி, இப்போது அந்தப் பெயரில் இல்லாத வங்கிகளுடையது. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது. விஜயா வங்கியும் தேனா வங்கியும் அதற்கு முந்தைய ஆண்டே பரோடா வங்கிக்குள் போய்விட்டன. வங்கிக் கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. மாறிப்போனது. சிலருக்குக் கணக்கு எண்ணே மாறியிருக்கிறது. பாஸ்புக்கில் இப்படி ஒரு பழைய பெயரைப் பார்த்தால், புதுப் பாஸ்புக் போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. 11 இலக்கம், அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அதை ஆங்கில ஓ எழுத்தாக அடித்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் அனுப்பும்போது கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி.யையும் கொடுத்தால், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று திரையிலேயே காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் 1-க்குள் இதைக் கொண்டுவரச் சொல்லி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கட்டணம் கிடையாது. காட்டும் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. வேறு ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

புதிதாக ஒருவரை பெனிஃபிஷியரியாக, அதாவது பணம் பெறுபவராகச் சேர்த்தால் பல வங்கிகளில் முதல் 24 மணி நேரத்துக்குக் குறைந்த தொகைதான் போகும். பாதுகாப்புக்காக வைத்தது, குறை சொல்ல முடியாது. மூன்று நாள் முன்பே சேர்த்துவிட்டு, ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அனுப்பிவிட்டு எதிராளியிடம், "வந்ததா?" என்று கேட்பதோடு, "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. அந்த அம்மாவின் கணக்கில் பதிந்திருந்த மொபைல் எண், இறந்துபோன அவர் கணவருடையது. சிம் எப்போதோ செத்துவிட்டது. 33 லட்சம் வந்து விழுந்த செய்தி யாருக்குமே வராமல் காற்றில் கரைந்துவிட்டது. பிறகு அவர் பேரன் பாட்டியின் கார்டை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் ஏ.டி.எம். தேடி ஓடி, மினி ஸ்டேட்மென்ட் எடுத்து வந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா சிரித்தார். அதற்குள் எங்கள் டோக்கன் நேரம் போய்விட்டது.

இன்னொன்று. வீடு இரண்டு மூன்று பேர் பெயரில் இருந்தால், "அண்ணன் கணக்குக்கே மொத்தமும் போட்டுடுங்க" என்பார்கள். போடாதீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவர் பங்கையும் அவரவர் கணக்குக்கே அனுப்புங்கள்.

கடைசி நேரத்தில், "அந்தக் கணக்கில் சிக்கல், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று மெசேஜ் வந்தால் அது மோசடியாக இருக்க நிறைய வாய்ப்பு. நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேளுங்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

5. கிளைக்குப் போகும்போது

நான் தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக் கிளைக்கு ஆட்டோவில் போனேன். பாரிமுனையில் வேலை பார்த்த காலத்தில் தொடங்கிய கணக்கு அது. மெட்ரோவில் போயிருக்கலாம், பதற்றத்தில் தோன்றவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம். கவுன்ட்டரில் கேட்ட முதல் கேள்வி: "செக் புக் எங்கே சார்?" செக் புக் வீட்டு பீரோவில். திரும்ப வண்ணாரப்பேட்டை, திரும்ப மண்ணடி. கவுன்ட்டருக்கு வரும்போது மணி மூன்று.

எடுத்துப் போக வேண்டியவை: செக் புக், பேன் கார்டு, ஆதார், பாஸ்புக், பதிவு செய்த மொபைல் சார்ஜோடு. செக்கில் பெயர் இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்டு எழுதுங்கள். பொதுவாக 'யுவர்செல்ஃப்' என்று எழுதி, ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு என்று சேர்க்கச் சொல்வார்கள். சும்மா 'செல்ஃப்' என்று எழுதினால் அது ரொக்கம் எடுக்கும் செக். யார் கையில் கிடைத்தாலும் ஆபத்து. ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து நிரப்புங்கள். கணக்கு எண்ணை இரண்டு தடவை எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை, மேலே எழுதியதைப் பார்த்து எழுதாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். தப்பைப் பார்த்துத் தப்பை எழுதினால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும்.

பிறகு கையெழுத்து. பதினாலு வருடம் முன்பு கணக்குத் தொடங்கியபோது நான் போட்டது முழுப் பெயர். இப்போது போடுவது ஒரு கிறுக்கல். அந்த அதிகாரி கணினித் திரையைப் பார்த்தார், செக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பமாட்டார்கள், விதி அப்படி. "பழைய மாதிரி போடுங்க" என்றார். என் பழைய கையெழுத்தை நானே நினைவுபடுத்தி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒரு வெற்றுத் தாளில் நாலைந்து தடவை எழுதிப் பழகினேன். மூன்றாவது செக் இலையில்தான் ஒத்துக்கொண்டார். பணம் போனபோது மணி மூன்று நாற்பது. உங்கள் கையெழுத்து மாறியிருந்தால், ஒரு வாரம் முன்பே போய்ப் புதுக் கையெழுத்தைப் பதிந்துவிடுங்கள்.

கணக்கு தொடங்கிய கிளைக்கே போவது நல்லது. வேறு கிளையிலும் செய்யலாம் என்று பேச்சளவில் சொன்னாலும், பெரிய தொகை என்றால் தயங்குவார்கள். காலையில் போங்கள். முடிந்தால் முதல் நாளே மேலாளரைப் பார்த்து, "நாளை இவ்வளவு அனுப்பப் போகிறேன், வீட்டுக் கிரயம்" என்று ஒரு வார்த்தை சொல்லி, அக்ரிமென்ட் நகலைக் காட்டிவிட்டு வாருங்கள். திடீரென்று 33 லட்சம் கிளம்பினால் அவர்களும் போன் செய்து விசாரிப்பார்கள். சொல்லி வைத்தால் அந்தத் தாமதம் இல்லை.

6. பத்திர நாளில் யார் முதலில் கை நீட்டுவது

பெரிய சிக்கல் இதுதான். பணம் வராமல் விற்பவர் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து ஆகாமல் வாங்குபவருக்குப் பணம் அனுப்ப மனசு வராது. கிரயப் பத்திரத்திலோ, எந்த வங்கி, எந்தத் தேதி, எந்த எண் என்று பணம் கொடுத்த விவரத்தை முன்கூட்டியே டைப் அடிக்க வேண்டும்.

டி.டி.யின் அருமை இங்கேதான். முதல் நாளே எடுத்துவிடலாம். அதன் எண்ணைப் பத்திரத்தில் டைப் அடித்துவிடலாம். தாள் உங்கள் கையில்தான் இருக்கும். கையெழுத்தும் கைரேகையும் ஆன அதே நிமிடத்தில் கொடுக்கலாம். பத்திரம் நின்றுபோனால் வங்கியில் ரத்து செய்து பணத்தைக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டி.டி.யை ரொக்கம் கொடுத்து எடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான். செல்லுபடி மூன்று மாதம். நீங்கள் விற்பவர் பக்கம் என்றால், அந்த டி.டி. அசல்தானா என்று கொடுத்த கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து கிளைக்குப் போய் எடுப்பது எல்லாவற்றிலும் உத்தமம்.

டி.டி. வேண்டாம் என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், அன்று காலையிலேயே ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பி, பணம் போனதற்கு அடையாளமான யு.டி.ஆர். எண்ணை வாங்கி, பத்திரம் எழுதுபவரிடம் கொடுத்து டைப் அடித்துவிட்டு உள்ளே போங்கள். அனுப்பும் முன், "இன்ன தொகை பெற்றுக்கொண்டேன், இன்ன தேதிக்குள் பத்திரம் முடித்துத் தருகிறேன்" என்று ரசீது எழுதி இரண்டு சாட்சி கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. அதனால்தான் அந்த மூன்று நாள் தூக்கம் போனது. அந்த அம்மா நல்ல மனுஷி, சனிக்கிழமை சாயங்காலம் அவரே போன் செய்து, "பயப்படாத தம்பி, எங்கேயும் ஓடிட மாட்டேன்" என்றார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

7. செலவு

இதில் மட்டும் பயப்பட ஒன்றுமில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான வங்கிகளில் ஆன்லைன் ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கும் வாங்குவதில்லை. கவுன்ட்டரில் ஆர்.டி.ஜி.எஸ். போட்டால், 2 முதல் 5 லட்சம் வரை அதிகபட்சம் 24.50, அதற்கு மேல் எவ்வளவாக இருந்தாலும் அதிகபட்சம் 49.50. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. நான் 33 லட்சத்துக்குக் கொடுத்தது 58 ரூபாய் 41 காசு. அன்று ஆட்டோவுக்கு ஆனது அதைப் போலப் பல மடங்கு. கவுன்ட்டர் நெஃப்டில் 2 லட்சத்துக்கு மேல் அதிகபட்சம் 25 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பணம் பெறுபவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஐ.எம்.பி.எஸ். கட்டணம் வங்கிக்கு வங்கி வேறு. டி.டி.தான் இவற்றில் செலவு கூடியது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள், ஓர் உச்சவரம்பு இருக்கும். எடுக்கும் முன் கேளுங்கள். ஆனால் 33 லட்சத்து விவகாரத்தில் அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி.

8. போன பணம் சேரவில்லையா

யு.டி.ஆர். எண்தான் உங்கள் ஆதாரம். ஆர்.டி.ஜி.எஸ்.ஸுக்கு 22 இலக்கம், நெஃப்டுக்கு 16. கவுன்ட்டரில் கேட்டு வாங்காமல் நகராதீர்கள். எதிர்க் கணக்கில் வரவு வைக்க முடியாமல் போனால் பணம் உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ரெப்போ வட்டியோடு 2 சதவீதம் சேர்த்து வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

எண் தவறி வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டால் கதை வேறு. அவர் சம்மதம் இல்லாமல் வங்கி அதைப் பிடித்துத் தர முடியாது. அன்றே உங்கள் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448.

9. ரொக்கம், வரி

"பாதியை கேஷா குடுத்துடுங்க" என்பது இன்னும் ஒழியவில்லை. வீடு, மனை வாங்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். இதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடுவார். வீட்டுக் கிரயம் இல்லாமல் வேறு எந்த வியாபாரமாக இருந்தாலும், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ மேலோ ரொக்கம் வாங்கக் கூடாது.

வங்கி வழியாக அனுப்புவதாலேயே வரி வராது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்கலாம். என் மச்சான் மணலியிலிருந்து 6 லட்சம் கடனாகக் கொடுத்தார். அதையும் அவர் கணக்கிலிருந்தே என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி, கடன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டோம். கடனுக்கும் அதே 20,000 ரூபாய் ரொக்க வரம்பு உண்டு, சொந்தக்காரராக இருந்தாலும்.

வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், மொத்தத்தையும் விற்பவருக்கு அனுப்பிவிடாதீர்கள். 1 சதவீதத்தைப் பிடித்து, அவர் பேன் எண்ணில் வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். பிடித்த மாதம் முடிந்து 30 நாள் அவகாசம். முழுப் பணமும் போன பிறகு, "ஒரு சதவீதம் திருப்பித் தாருங்கள்" என்று அவர் வீட்டு வாசலில் நிற்பது நடக்கிற காரியம் இல்லை. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியே வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஆர்.டி.ஜி.எஸ். கவுன்ட்டர்ஃபாயில், யு.டி.ஆர். எழுதிய தாள், அந்த மாதத்து ஸ்டேட்மென்ட், எஃப்.டி. உடைத்த ரசீது, மச்சான் கடன் தாள் எல்லாவற்றையும் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பேரன் எடுத்து வந்த அந்த மினி ஸ்டேட்மென்ட்டும் அதில் இருக்கிறது. ஏ.டி.எம். தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அதனால் அதற்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் சேர்த்து.